எவ்வளவு அடித்தாலும் காணாத காற்று

டயர் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு விஷயம் கேட்டால் நான் நீளமாகத்தான் சொல்வேன். கண்டியில் பேராதனை வீதியோரம் ஒரு டயர் கடையின் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் நான். அங்கே வாடிக்கையாளர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் பேசும் முறை எனக்கு வந்திருக்கிறது. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் பெயர் சரோஜா. கடையில் சரோ மிஸ். கவுண்டரில் ஒரு பொம்பளையைக் கண்டதும் சிலர் எட்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். "நானும் ஆள்தான், சொல்லுங்க" என்பேன். சிரித்தவர்கள் மறுபடி வருவார்கள். முகத்தைச் சுளித்தவர்களும் மறுபடி வருவார்கள், ஏனென்றால் எங்கள் மணியண்ணனைப் போல வண்டிச் சில்லுப் பூட்ட அந்த வீதியில் வேறு ஆள் கிடையாது.

மணியண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. வேலை அட்டையில் நான் என்ன எழுதுகிறேனோ அதைச் செய்வார். ஏன், எதற்கு என்று கேட்கவே மாட்டார். "மிஸ் எழுதினா எழுதினதுதான்" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் கடையின் இரண்டு பழக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, சுவரில் மாட்டியிருந்த பச்சைப் பலகை. முதலாளி கடை திறந்த காலத்திலேயே எழுதி வைத்தது. இன்ன கார், முன்னுக்கு இவ்வளவு காற்று, பின்னுக்கு இவ்வளவு. இன்ன வேன், இன்ன லொறி என்று வரிசையாக இருக்கும். வண்டி வந்து நின்றதும் நான் பலகையைப் பார்த்து அட்டையில் எண்ணை எழுதுவேன், மணியண்ணன் அடிப்பார். வருஷக்கணக்காக ஒரு குறையும் வந்ததில்லை.

இரண்டாவது பழக்கம் சண்டையால் வந்தது. ஒருவர் தன் நல்ல டயரைக் கழற்றிவிட்டு வேறு டயரை நாங்கள் பூட்டிவிட்டதாகக் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டினார். அன்றிலிருந்து, கடைக்குள் வரும் ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் அச்சிட்டிருக்கும் எல்லா எழுத்தையும் எண்ணையும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் குனிந்து குனிந்து எழுதுவேன். எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை. சண்டை வந்தால் காட்டுவதற்குத்தானே, அர்த்தம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பளபளக்கும் அலோய் சில்லு ஆசை கண்டியைப் பிடித்து ஆட்டிய காலம். இரும்பு ரிம்மோடு போகிறவனைப் பார்த்தால் வேட்டி கிழிந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து நான் பிளேன்டீயைக் கையில் எடுக்கும்போதே, திகனையிலிருந்து ரிஸ்வான் தன் வேனோடு வந்து நின்றார். வாடகைக்கு ஹயர் ஓடும் வேன். ஓட்டுவதும் அவர்தான், கழுவுவதும் அவர்தான், அதைப் பற்றிக் கதைப்பதும் அவர்தான். வேனுக்குள்ளே நான்கு அலோய் சில்லுகள், டயரோடு, புதுப் பெண்ணைப் போலத் துணி போர்த்திக்கொண்டு இருந்தன.

"மிஸ், தங்கச்சிட நிக்காஹ் நேத்து முடிஞ்ச. இண்டைக்குக் கம்பளையில மாப்புள வீட்டு விருந்து. எங்கட வீட்டாக்கள நான்தான் ஏத்திட்டுப் போற. கம்பளக்காரங்க பெரிய எடம். வாசல்ல வேன் நிக்கிற நேரம் ஒரு பார்வ ஈக்கணும். பூட்டித் தாங்க."

"எத்தனை மணிக்கு வெளிக்கிடுறீங்க?"

"மத்தியானம் லுஹர் தொழுதிட்டு ஒடனே. பன்னெண்டு பேர், என்னோட சேத்து. உம்மா, சாச்சிமார், புள்ளைகள் எல்லாம். வேன் ரொம்பிரும், பழைய சில்லு நாலும் இங்கயே கெடக்கட்டும், பொறகு வந்து எடுக்கிறேன்."

கொழும்பில் யாரோ ஒரு காரிலிருந்து கழற்றிய சில்லுகளாம். டயர் அகலம், பக்கம் குட்டை, பார்ப்பதற்கு அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நான் வழக்கம்போலக் குனிந்து எழுத்துகளை அட்டையில் எழுதினேன். பச்சைப் பலகையைப் பார்த்தேன். அந்த வகை வேனுக்கு முன்னுக்கு முப்பத்தைந்து, பின்னுக்கு நாற்பத்தைந்து. எழுதினேன். மணியண்ணன் பூட்டினார், அடித்தார். ரிஸ்வான் ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று கிளம்பினார்.

ஐந்து நிமிஷத்தில் முகம் வாடித் திரும்பி வந்தார். "மிஸ், கல்லு மாதிரித் துள்ளுதே. உம்மாட இடுப்பு என்னத்துக்கு ஆகிற? கொஞ்சம் எறக்குங்க."

இந்த இடத்தில் கண்டி மக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வண்டி இல்லாத மனிதர்கள் உண்டு, காற்று அளவு சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து, மலை ரோட்டுக்கு இருபத்தைந்துக்கு மேல் அடித்தால் வண்டி பிடிக்காது என்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் ஓய்வுபெற்ற கிளாக்கர், அகல டயருக்கு முப்பதுதான் கணக்கு என்று அடித்துச் சொன்னார். லொத்தர் சீட்டு விற்பவர் வந்து காலால் ஒரு டயரை உதைத்துப் பார்த்து, இருபத்தெட்டு என்றார். அவருக்கு எண்கள் கைவந்த கலை போலிருக்கிறது.

பலகையைப் பார்த்து எழுதிய எண்ணில் வண்டி துள்ளுகிறது என்றால், ஏன் துள்ளுகிறது என்று நான் அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கல்யாண வீட்டு மனிதர் முகம் வாடி நிற்கிறார், சுற்றிலும் மூன்று பேர் வாய்ப்பாடு சொல்கிறார்கள். எல்லோரையும் சந்தோஷப்படுத்தலாம் என்று பழைய எண்ணை வெட்டிவிட்டு, நான்கு சில்லுக்கும் இருபத்தெட்டு என்று எழுதினேன். மணியண்ணன் இறக்கினார். ரிஸ்வான் இன்னொரு சுற்றுப் போய்வந்து, "ஹா! இப்ப மெத்தைல போறது மாதிரி ஈக்கிது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் திகனைக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டரை மணிபோல ஆள் வரத்துக் குறைந்தது. மணியண்ணன் ரிஸ்வானின் பழைய சில்லுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவை உள்ளே வந்த டயர்களில் சேர்த்தி, ஆகவே அவற்றின் எழுத்தையும் எழுத வேண்டும். அதே அட்டையில், காலையில் எழுதிய வரிக்கு நேர் கீழே எழுதினேன். அளவு எண்களுக்குப் பின்னால் தனியாக ஓர் எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பழைய டயரில் அது 94. மேல் வரியில், புது டயரில், 82.

பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. அழகும் அகலமும் கூடிய டயரில் எண் ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். டயர்க் கட்டுகளோடு வரும் துண்டுத் தாள்களை நான் எறிவதில்லை, அலுமாரியில் போட்டு வைப்பேன். அதில் ஒரு தாளில் இந்த எண்களின் அட்டவணை இருந்தது. 94 என்றால் அந்த டயர் ஒன்று சுமக்கக்கூடியது அறுநூற்றெழுபது கிலோ. 82 என்றால் நானூற்றெழுபத்தைந்து. அதுவும் முழுக் காற்று, அதாவது முப்பத்தாறு, அடித்திருந்தால்தான். காற்றைக் குறைத்தால் சுமக்கும் எடையும் குறையும் என்று அடியில் ஒரு வரி.

எங்கள் முதலாளியிடமும் அதே வகை வேன் ஒன்று இருந்தது. அதன் பதிவுப் புத்தகமும் என் அலுமாரியில்தான். எடுத்துப் பார்த்தேன். வெறும் வண்டி ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. ஆளுக்கு அறுபது என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு எழுநூற்றிருபது. இரண்டும் சேர்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. நான்கு புது டயரும் முழுக் காற்றோடு சேர்ந்து சுமக்கக்கூடியது ஆயிரத்துத் தொள்ளாயிரம். அவர்களோ விருந்துக்குப் பெட்டி பெட்டியாகப் பலகாரமும் கொண்டு போவார்கள். பின் சீட்டில் ஆட்கள் கூட, ஆகவே பின் சில்லுகளில் பாரமும் கூட. நான் எழுதிக் கொடுத்ததோ இருபத்தெட்டு.

மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னாரே, டயர் நசுங்கி நசுங்கிச் சூடாவதைத்தான் அவர் மெத்தை என்று நினைத்திருக்கிறார். பாரத்தோடு அப்படியே ஓடினால் டயரின் பக்கம் வெடித்துவிடும். எங்கே வெடிக்கும், எந்த வளைவில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நாளில் எல்லார் சட்டைப் பையிலும் தொலைபேசி கிடையாது. ரிஸ்வான் வீட்டுக்குப் பக்கத்துப் புடவைக் கடையின் இலக்கம் அட்டையில் இருந்தது. சுழற்றினேன். "ரிஸ்வான் நானாவா? அவங்க இப்பதானே போன. இன்னம் பத்து நிமிஷம் ஆகல்ல" என்றது ஒரு குரல். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டுவிட்டார்கள்.

முதலாளி அன்றைக்குக் கொழும்பில். முடிவெடுக்க வேறு யாரும் இல்லை. ஒன்று மட்டும் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. திகனையிலிருந்து கம்பளைக்குப் போக வேண்டுமானால் கண்டி டவுனுக்குள் வந்து, பேராதனை வீதியில் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மணியண்ணே, பழைய சில்லு நாலையும் வெளியில உருட்டுங்க. ஜாக் ரெண்டையும் எடுங்க. பழைய நட்டு எங்க?"

"பால்மா டின்ல போட்டு வச்சிருக்கேன். என்னா மிஸ், யாருக்கு?"

"நான் பிழையா எழுதிட்டேன்."

மணியண்ணன் என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஒன்றும் கேட்காமல் சில்லை உருட்டினார். பழைய டயர்களுக்குப் பலகையிலிருந்த எண்களையே அடிக்கச் சொன்னேன், முன்னுக்கு முப்பத்தைந்து, பின்னுக்கு நாற்பத்தைந்து. பலகை பிழையில்லை பாருங்கள். அது அந்த டயர்களுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

பிறகு வீதியோரம் வெயிலில் போய் நின்றேன். சனிக்கிழமை மத்தியானம் பேராதனை வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். ஒவ்வொரு வெள்ளை வேன் தெரியும்போதும் ஓரடி முன்னுக்குப் போவேன், கிட்ட வந்தால் வேறு ஆளாக இருக்கும். தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து, "என்ன மிஸ், யாரும் மந்திரி வாறாரா?" என்று கேட்டார். காலையில் இருபத்தைந்து என்று சொன்ன வாய் அது. எனக்கு வந்த கோபத்தில், "நீங்க போய் தேத்தண்ணிய ஊத்துங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன பிழை? யார் என்ன சொன்னாலும் அட்டையில் எழுதியது என் கை.

அரை மணி நேரம் நின்றிருப்பேன். வரவில்லை. இதற்குள் வந்திருக்க வேண்டும். திகனை வழியிலுள்ள தென்னகும்புர பாலத்துக்கு இப்பாலா அப்பாலா, ஏதாவது ஆகிவிட்டதா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. உம்மா, சாச்சிமார், புள்ளைகள் என்று அவர் அடுக்கிச் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத அந்தப் பதினொரு பேருக்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

அப்போது வந்தது. முன் கண்ணாடியில் ரோஸ் நிறப் பூமாலையும் ரிப்பனும் கட்டி, உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாட, வேன் ஒய்யாரமாக வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீதி நடுவே இறங்கிவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் சிங்களத்தில் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. ரிஸ்வான் பிரேக் அடித்து ஓரம் கட்டினார்.

"என்ன மிஸ், ஏதும் மறந்திட்டனா?"

"எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க. இந்த சில்லோட போக வேணாம். பழச மாத்தித் தாறோம், அரை மணித்தியாலத்துல போயிடலாம்."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுவரோரம் வரிசையாக நின்ற தன் பழைய சில்லுகளைப் பார்த்தார். துரு, அதன் மேல் சேறு. அதில் ஒன்று வேறெங்கோ வாங்கியது, மஞ்சள் நிறம். சிரிப்பு நின்றுவிட்டது.

"மிஸ், வெளயாடாதீங்க. இதப் பூட்டிட்டா கம்பளைக்குப் போற? என்ட மானம் போயிரும். ஏற்கனவே லேட்டு. காத்துக் கொறவு எண்டா கூட அடிங்க. நாப்பத்தஞ்சு அடிங்க, துள்ளினாத் துள்ளட்டும்!"

"நாப்பத்துநாலுக்கு மேல அடிக்க வேணாம்னு டயர்லயே போட்டிருக்கு."

"அப்ப நாப்பத்துநாலு அடிங்க!"

"அடிச்சாலும் அது சொமக்கிறது நானூத்தி எழுபத்தஞ்சுதான். கார் டயர் இது, நானா. காத்து எவ்வளவு அடிச்சாலும் ஒங்க வேனுக்குக் காணாது."

மணியண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "மிஸ், நாப்பது அடிச்சு மெல்லமாப் போகச் சொல்லுவோமா? கல்யாண வீடு, பாவம்" என்றார். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகளே. நெருக்கடியில் கெட்டவர்கள் வந்து நம்மைத் தடுமாற வைப்பதில்லை. நல்ல மனிதர்கள்தான், இரக்கப்பட்டு, நடுவே ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த நடு எண் எல்லோருக்கும் பிடிக்கும், டயரைத் தவிர. எனக்கும் அதை எழுதிக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. காலையில் அப்படித்தானே எழுதினேன்.

"நானா, பின் டயர்ல உள்ளங்கைய வைங்க" என்றேன்.

வைத்தார். சட்டென்று கையை எடுத்து உதறினார். ஆனாலும் விடவில்லை. "வெயில்ல வந்த டயர் சுடத்தானே செய்யும்? காலைல நீங்கதானே மிஸ் பூட்டின? நீங்கதானே இருபத்தெட்டுப் போட்ட? அப்ப சரி எண்டீங்க, இப்ப பிழை எண்டா எதை நம்புற?"

நியாயமான கேள்வி. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வீதியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேனுக்குள்ளிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி உள்ளதைச் சொல்வதுதான்.

"காலைல நான் செஞ்சது பிழை. ரெண்டு தடவ பிழை. மொதல்ல பலகையப் பாத்து எழுதினேன், டயரப் பாக்கல. பொறகு ஒங்க மொகத்தப் பாத்து எழுதினேன், அப்பவும் டயரப் பாக்கல. இப்பதான் பாத்தேன். நீங்க என்னை ஏசுங்க, முதலாளி வந்தாச் சொல்லிக் கொடுங்க. ஆனா இந்தப் புள்ளைங்கள ஏத்திட்டு இந்த டயர்ல போகாதீங்க."

அப்போது வேனின் முன் கதவு திறந்தது. நீலச் சேலை முக்காட்டோடு ரிஸ்வானின் உம்மா, மடியில் வைத்திருந்த வட்டிலப்ப இனிப்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினார். கடைக்குள் நடந்துபோய் என் கதிரையிலேயே அமர்ந்தார். சட்டியை என் மேசையில், அட்டைகளின் மேல் வைத்தார்.

"மகன், நாங்க கம்பளைக்குப் போறது புள்ளயப் பாக்க. சில்லுக் காட்டவா போற? நான் எறங்கிட்டேன். இந்தப் புள்ள மாத்தட்டும்."

நாற்பதைத் தாண்டிய என்னைப் புள்ள என்றார். அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உம்மா இறங்கினால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? சாச்சிமார் இறங்கினார்கள், பிள்ளைகள் குதித்தார்கள். எங்கள் டயர் கடை அன்றைக்கு இருந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். சரிகைச் சேலையோடு பெண்கள் டயர் அடுக்குகளின் மேல் பழைய பத்திரிகையை விரித்து அமர்ந்திருந்தார்கள். நான் ஏசிய தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். பிள்ளைகளில் ஒன்று கொம்ப்ரெசர் சத்தத்துக்கு ஆடியது. ரிஸ்வான் மட்டும் வீதியைப் பார்த்து நின்றார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மணியண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆமாம், நானும்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நட்டுக் கழற்றினேன். இரண்டாவது நட்டிலேயே நகம் போனது. இருபத்தைந்து நிமிஷத்தில் நான்கும் மாறிவிட்டன.

கழற்றிய அலோய் சில்லுகளை ரிஸ்வான் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். வெளிப்பக்கம், உட்பக்கம், எல்லாம் தடவினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வீக்கம், ஒரு வெடிப்பு, ஒரு கீறலாவது இருக்கும், அதைக் காட்டி என் வார்த்தையை நிரூபிக்கலாம் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. டயர் பளபளவென்று, என்னைக் கேலி செய்வதுபோல இருந்தது.

"ஒண்ணுமே ஆகல்லயே மிஸ்" என்றார் ரிஸ்வான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா, ஒண்ணும் ஆகல" என்றேன்.

வேன் மஞ்சள் சில்லைக் காட்டிக்கொண்டு கம்பளைப் பக்கம் போனது. மணியண்ணன் என்னிடம் இரக்கமாக, "சூடு தணிஞ்சா ஏதும் தெரியுமா இருக்கும் மிஸ்" என்றார். திங்கட்கிழமையும் பார்த்தோம். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

நம் தொழிலில் இதைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். டாக்டர் காப்பாற்றினால் நோயாளி எழுந்து நடப்பது தெரியும். தீ அணைப்பவர் காப்பாற்றினால் அணைந்த நெருப்புத் தெரியும். நாம் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் தெரியாது. வீணாக வீதியில் இறங்கிக் கத்திய பைத்தியக்காரி மாதிரித்தான் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்பட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

முதலாளி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஏசினார். பிறகு அந்த அட்டவணையை வாங்கி வெகு நேரம் பார்த்தார். மறுநாள் பச்சைப் பலகையின் தலையில், சில்லு அல்லது டயர் அளவு மாற்றிய வண்டிக்கு இந்த எண்கள் செல்லாது என்று எழுதி வைத்தார். அதன் பிறகு அலோய் சில்லோடு யார் வந்தாலும் நான் முதலில் பழைய டயரின் எடை எண்ணைப் பார்ப்பேன். புது டயர் எந்த அளவு காற்றில் அதே எடையைச் சுமக்கும் என்று அட்டவணையில் தேடுவேன். குளிர்ந்த டயரில் அந்த அளவை அடிக்கச் சொல்வேன். எத்தனை அடித்தாலும் அந்த எடை வராது என்றால், பூட்ட மாட்டோம் என்று சொல்லிவிடுவேன். துள்ளுகிறது என்பார்கள், அழகு போச்சு என்பார்கள், அடுத்த கடைக்குப் போவேன் என்பார்கள். போகட்டும். எவ்வளவு காற்று என்று கேட்பவரிடம், வண்டியில் எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

மூன்று கிழமை கழித்து ரிஸ்வான் அலோய் சில்லுகளை எடுக்க வந்தார். முகம் இன்னும் சரியாகவில்லை. இவை எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று மட்டும் கேட்டார். ஒரு காரின் பெயரைச் சொல்லி, அதற்கு முப்பத்திரண்டு அடித்தால் அருமையாக ஓடும் என்று எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அதே பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கவுண்டரில் போட்டார்.

"பாருங்க, நீங்க செஞ்ச வேலய. மாப்புள வீட்டு வாசல்ல போட்டோ எடுக்கிற நேரம் இந்த நாறின சில்ல எப்புடி மறைக்கிற எண்டு நான் பட்ட பாடு! எல்லாரையும் வேனுக்கு முன்னால நிப்பாட்டி, சின்னதுகள பின் சில்லுக்கு நேரா குந்த வச்சு, நானே முன் சில்ல மறச்சிட்டு நிண்டேன்."

படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரிஸ்வான் முன் சில்லுக்கு முன்னால் காலை அகட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் உம்மா, இரு பக்கமும் சாச்சிமார். பின் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பிள்ளைகள் குந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினேன். ஒரு சில்லுகூடத் தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் தெரிந்தார்கள்.